கை நனைக்கும் முன்

இன்று உம்முடைய ஆண்டுத் திவசம். மார்க்கம் நகரில், உம்முடைய மகளின் வீட்டில். ஐயர் போன பிறகு உம்முடைய படத்துக்கு முன்னால் படைத்து முடித்து, எங்களுக்கும் இலை போட்டாயிற்று. "எல்லாரும் சாப்பிட வாங்கோ" என்று மகள் கூப்பிட்டதும் நான் மேசையில் இருந்தபடியே கைப்பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்தேன். குத்த முன்னம் ஒரு சொட்டு வெளியே விட்டுப் பார்ப்போமே, அது பெருவிரலில் விழுந்தது. புதுப் பிளாஸ்டரைப் பிரித்தால் வருகிற மணம். உம்முடைய கைப்பை முழுக்க அந்த மணம்தான் இருந்தது. அதற்கு மேலே பவுடரைக் கொட்டி மறைத்துக்கொண்டு திரிந்தீர்.

அந்த நேரம் பார்த்து உம்முடைய பெரியண்ணையின் ஃபோன் வந்தது. நெடுஞ்சாலையில் மாட்டுப்பட்டு நிற்கிறாராம். "நான் வராமல் சாப்பாட்டைத் தொடங்கிப் போடாதேங்கோ." அவ்வளவுதான், இருந்தவர்கள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். நான் பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு உம்முடைய படத்தைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நீர் செத்த பிறகும் உம்முடைய அண்ணைதான் சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்கிறார்.

நாங்கள் இரண்டு பேரும் பழகியதே இந்த ஊசியால்தான். அஜின்கோர்ட்டில் சலரோகக்காரருக்கு நடந்த வகுப்பில் பக்கத்துக் கதிரைகள். ஒரு பஞ்சுத் தலையணையைத் தந்து குத்திப் பழகச் சொன்னார்கள். தலையணைக்குக் குத்தவே நீர் வெட்கப்பட்டீர். இது கெதியாக வேலை செய்கிற மருந்து, சாப்பாடு கண் முன்னால் வந்த பிறகு குத்துங்கோ, குத்தினால் சாப்பாட்டைப் பிந்த விடாதேங்கோ, சீனி இறங்கி மயங்கி விழுவீங்கள் என்று தாதி சொன்னதை ஒரு பிள்ளை தமிழில் எடுத்துச் சொன்னாள். நீர் கை உயர்த்திக் கேட்டீர்: "வீட்டில எண்டால் சரி பிள்ளை. ஆக்களுக்கு முன்னால எப்பிடிக் குத்துறது?" எல்லாரும் சிரித்தார்கள். நீர் பகிடிக்குக் கேட்கவில்லை என்பது வீட்டுக்கு மல்வேர்ன் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

"எனக்கொரு குமர்ப்பிள்ளை இருக்கிறாள். தாய்க்கு ஊசி எண்டு தெரிஞ்சால் வருத்தக்காரக் குடும்பமெண்டு சொல்லுவினம். நீர் ஒருத்தருக்கும் மூச்சு விடக் கூடாது" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர். நானும் செய்துகொடுத்தேன். சிநேகிதி கேட்டால் வேறு என்ன செய்வது?

அன்றைக்குத் தொடங்கியது உம்முடைய வோஷ்ரூம் வைத்தியம். பிறந்தநாளோ பூப்புனித நீராட்டு விழாவோ, "சாப்பாடு வருகுது" என்று யாராவது வாய் திறந்தால் நீர் கைப்பையோடு மறைந்துவிடுவீர். எங்களுடைய ஆட்களிடம் சாப்பாடு வருகுது என்றால் என்ன அர்த்தம் என்று உமக்குத் தெரியாதா? இனிமேல்தான் கேக் வெட்டுவார்கள், குடும்பம் குடும்பமாகப் படம் எடுப்பார்கள், ஒரு மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். நீர் மேசைக்குக் கீழே முறுக்கை உடைத்து ஒளித்து ஒளித்துத் தின்பீர். நான் பேசினால், "எல்லாம் அவளின்ர கலியாணம் முடியுமட்டும்தான்" என்பீர்.

பிறகு இந்த மார்க்கத்துச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனீர். பெரிய வீடு. மாப்பிள்ளையின் தாய் சட்டிகளின் மூடியைத் திறந்துவிட்டு, "வாங்கோ, முதல் சாப்பிடுவம், எல்லாம் சூடாய்க் கிடக்கு" என்றார். நீர் உடனே மேலே போனீர். நீர் மேலே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பெரியண்ணை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "குறை நினைக்காதேங்கோ. சம்பந்தம் பேசி முடியாமல் நாங்கள் கை நனைக்கிறேல்லை."

நீர் இறங்கி வந்தபோது சட்டிகளெல்லாம் மூடியிருந்தன. எல்லாரும் சோபாவில். உம்முடைய முகத்தைப் பார்த்தேன்.

"குத்தியாச்சோ?"

"ம்."

"அப்ப ஒரு வாய் ஜூஸாவது கேளும்."

"அண்ணை பாக்கிறார். பேசாமல் இரும்."

அவர்கள் சாதகம் பேசினார்கள், மண்டபம் பேசினார்கள், ஐயருக்கு யாரைப் பிடிப்பது என்று பேசினார்கள். உம்முடைய மேலுதடு வேர்த்தது. நான் ஒரு டொஃபியை உம்முடைய கைக்குள் வைத்தேன். நீர் கையைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி இருந்தீர். மாப்பிள்ளையின் தகப்பன், மகள் எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டார். நீர் "வெண்டிக்காய்" என்றீர். எல்லாரும் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் எழும்பிக் குசினிக்கு ஓடினேன்.

கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. பிரிட்ஜைத் திறந்தேன். தோடம்பழ ஜூஸுக்குப் பக்கத்தில், பட்டர் வைக்கிற தட்டில், பொலித்தீன் பையால் சுற்றி அதே பேனாக்கள். எனக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தாய் நின்றார். நான் கண்டதை அவர் கண்டுவிட்டார்.

"என்ரதான். ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ. பொம்பிளை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்?" பிறகு ஜூஸை ஊற்றித் தந்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவவுக்குமோ?"

நான் சத்தியத்தை நினைத்து, கிளாஸைக் கொண்டு ஓடிவந்து உம்மைக் குடிக்க வைத்தேன். பெரியண்ணை முறைத்தார். மாப்பிள்ளையின் தாய்தான், "ஜூஸ் குடிச்சால் கை நனைச்சதாகாது அண்ணை" என்று சமாளித்தார்.

திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் உம்முடைய காதுக்குள் சொன்னேன், அவவுக்கும் இருக்கிறது, இனிமேலாவது ஒளிப்பதை விடும் என்று. நீர் நிம்மதிப்படுவீர் என்று நினைத்தேன். நீர் என்ன சொன்னீர்? "அப்ப அவையும் ஒளிக்கினம். நாங்கள் மட்டும் ஏன் சொல்ல வேணும்?" கைக்குள் இருந்து உருகிய டொஃபியைத் திருப்பித் தந்தீர். கடதாசிகூடப் பிரித்திருக்கவில்லை.

கலியாணமும் முடிந்தது. ஒளிப்பது முடியவில்லை. இப்போது மகளுடைய மாமியார் வீட்டில் மரியாதை போய்விடுமாம். அந்த வீட்டில் நடந்ததில் பயந்து, வெளியே போனால் முன்னதாகக் குத்துவதையும் விட்டீர். பாயாசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, கதைத்திருந்து, மல்வேர்னுக்குத் திரும்பி, உடுப்பு மாற்றிய பிறகு குத்துவீர். சில நாள் நித்திரை வந்தால் அதுவும் இல்லை. "பிந்தினால் என்ன, விழமாட்டன்தானே" என்றீர். விழவில்லைத்தான். கிட்னி போனது. டயாலிசிஸுக்குப் போகிற நாட்களில் கோயிலுக்குப் போயிருக்கிறா என்று உம்முடைய மகள் மாமியாருக்குச் சொன்னாள். அவ்வளவு பக்தியான ஆளை இந்த ஊர் கண்டிருக்காது.

செத்தவீட்டில் உம்முடைய சம்பந்தி, அந்த மாப்பிள்ளையின் தாய், என் தோளில் சாய்ந்து, "ஒரு சொல் சொல்லியிருந்தால்" என்று அழுதார். எனக்கு அவரைத் தள்ளிவிடவேண்டும் போல இருந்தது. உம்மைப் பெட்டியிலிருந்து எழுப்பி இரண்டு பேச்சுப் பேசவேண்டும் போலவும் இருந்தது.

இன்றைக்கு நடந்ததைக் கேளும். மகள் சாப்பிடக் கூப்பிட்ட உடனே உம்முடைய சம்பந்தி கைப்பையோடு மாடிக்குப் போனவர்தான். இறங்கி வந்தபோது ஒருவரும் இலையில் இல்லை. எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். பெரியண்ணையைக் காணவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கும் மேலுதடு வேர்த்தது. நான் டொஃபியைக் கொடுத்தேன். அவரும் கையைப் பொத்தினார். "ஆக்கள் பாக்கினம்" என்றார்.

நான் எழும்பிப் போய், உம்முடைய படத்துக்கு முன்னால் படைத்திருந்த பாயாசத்தை எடுத்தேன். "அன்ரி, அது அம்மாக்கு வச்சது!" என்று மகள் கத்தினாள். "கொம்மா குடிக்கமாட்டா, இவ குடிக்கட்டும்" என்று சொல்லிச் சம்பந்தியின் வாயில் வைத்தேன். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "இவவுக்குச் சலரோகம். எனக்கும் சலரோகம். உந்தப் படத்தில இருக்கிறவவும் இதை ஒளிச்சுத்தான் செத்தவ. இப்ப சோத்தைப் போடுங்கோ." சம்பந்தி பாயாசத்தைக் குடித்துக்கொண்டே அழுதார். சோறு வந்தது. நான் எல்லாருக்கும் முன்னால் குத்திவிட்டுச் சாப்பிட்டேன். நீர் கோபித்தால் கோபியும்.

வெளிக்கிடும்போது மகள் என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்தினாள்.

"அன்ரி, எனக்கும் எண்டு டொக்டர் சொல்லிட்டார். ஊசிதான் போடவேணுமாம். ப்ளீஸ், மாமிக்குத் தெரிய வேண்டாம்."

சத்தியம் செய்யச் சொல்லி என் கையைப் பிடித்தாள். உம்முடைய அதே பிடி.

நான் கையை இழுத்துக்கொண்டேன். உமக்குச் செய்துகொடுத்த சத்தியத்தின் பாரத்தையே இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். கதவைத் திறந்து, "சம்பந்தியம்மா, ஒருக்கா இஞ்ச வாங்கோ" என்று கூப்பிட்டேன்.