எட்டு வேட்டியில் தைத்த அம்பு

மாப்ளே,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் புறப்படும்போது, உன் மகன் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையில் திணித்தான். வீட்டுக்கு வந்து பிரித்தால் பழுப்பேறிய வேட்டித் துண்டு. ஓரத்தில் எங்கள் ஊர் வண்ணார் சேங்கொட்டை மையால் போட்ட குறி, மூன்று புள்ளியும் ஒரு கோடும். என் வேட்டிதான். "அடப்பாவி, இதையா இத்தனை வருஷம் வச்சிருந்த!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். என் மனைவி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

யுத்த காலம். அரியலூரில் எட்டுப் பேர் விமானத் தொண்டர்களாகச் சேர்ந்தோம். மேலே விமானம் போனால் திசை பார்த்து ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் ஓடிச் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதுங்குகுழியில் படுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். வழிதவறி விமானம் எதுவும் வந்தால் வறண்ட ஏரியில் வெள்ளைத் துணியால் அம்பு விரித்து இறங்க வழிகாட்ட வேண்டும். அம்பின் முனை காற்று வருகிற பக்கம் பார்க்க வேண்டும் என்று திருச்சியிலிருந்து வந்த அதிகாரி சொன்னார். நான் அன்றைக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவருடைய பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணி கிடைக்காத காலம் அது. ஆளுக்கொரு வேட்டி என்று நீ வசூலித்தாய். "கட்டிக்க ஒண்ணுதான்டா மிச்சம்" என்று நான் அழுதேன். "ஒண்ண வச்சுக்கிட்டு மானத்தோட இரு" என்றாய். கடைத்தெருவில் உன் தையல் மெஷினில் எட்டையும் சேர்த்து அடித்து, மடிப்புக் கலையாமல் ஓரம் தைத்தாய். அந்தத் தையலைப் பார்த்துத்தான் அதிகாரி உன்னைத் திருச்சி விமானத்தளத்தில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அன்று நீ தரையில் நடக்கவில்லை. "பயிற்சி விமானத்துக்கு றெக்கையே துணிதான் மாப்ளே! நான் தைச்சது மேல பறக்கும்டா!" என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னாய்.

ஆனி மாதம், மேல்காற்று புழுதியை வாரி அடித்த ஒரு பகல். செந்துறை ரோட்டு ஏரிக்கு மேலே ஒரு சின்ன விமானம் விக்கி விக்கிச் சுற்றியது. மற்றவர்கள் ஆடுமாடுகளை விரட்டப் போனார்கள். நாம் இரண்டு பேரும் அம்பை விரித்தோம். நீ முனையை மேற்கே வைத்தாய்.

"எதிர்க்காத்துல எவன்டா எறங்குவான்? திருப்பு" என்றேன்.

"அதிகாரி அப்பிடித்தானே சொன்னாரு?"

"களத்துல நெல்லு தூத்துறவன் நானா நீயா? பதர் போற பக்கம்தான் காத்துப் பக்கம். கத்திரிக்கோல் புடிக்கிறவன் எனக்குக் காத்து சொல்றியா?"

நீ ஒரு நிமிடம் வானத்தைப் பார்த்தாய். "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாய். இருவரும் சேர்ந்து முனையைக் கிழக்கே திருப்பிக் கல் வைத்தோம்.

விமானத்தை ஓட்டி வந்த வெள்ளைக்காரப் பையன் அம்பை நம்பி இறங்கினான். பின்னால் காற்று தள்ள, நிற்கவே முடியாமல் ஏரி முழுக்க ஓடிக் கிழக்குக் கரையில் மோதினான். பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. எல்லோரும் பின்வாங்கினோம், நானும்தான். நீ இடுப்பில் செருகியிருந்த கத்திரிக்கோலோடு ஏறி, அவனை இருக்கையோடு கட்டியிருந்த பட்டையை அறுத்து அவனைத் தோளில் போட்டு இறக்கினாய். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, உயிருக்கு ஆபத்தில்லை. அவனை மாட்டுவண்டியில் ஏற்றிய பிறகு, கிழிந்த றெக்கையைத் தடவிப் பார்த்து, "ரெட்டைத் தையல்டா" என்றாய்.

மூன்றாம் நாள் விசாரணை. அம்பைத் தலைகீழாக வைத்தது யார் என்று அதிகாரி கேட்டார். நான் மறுபடியும் அவருடைய பூட்ஸைப் பார்த்தேன். நீ ஒரு எட்டு முன்னால் போய், "நான்தானுங்க, துணி என் பொறுப்பு" என்றாய். தொண்டர் கைப்பட்டையைக் கழற்றச் சொன்னார். திருச்சி வேலை அந்த நிமிடமே போயிற்று.

வெளியே வந்ததும், "ஏன்டா அப்பிடிச் சொன்ன?" என்று உன் சட்டையைப் பிடித்தேன்.

"உன்ன நம்புனது நான்தானே மாப்ளே. விடு, பசிக்குது" என்றாய்.

அப்போதே உள்ளே திரும்பிப் போயிருக்கலாம். பத்தடி தூரம்தான். போகவில்லை. உன்னை ஓட்டலுக்குக் கூட்டிப் போய் இட்லி வாங்கித் தந்தேன்.

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அதே மெஷினில் ரவிக்கையும் பள்ளிக்கூடச் சட்டையும் தைத்தாய். "ஏரோப்பிளேனைக் கவுத்த டைலர்" என்று ஊர் கேலி செய்தபோது கூடச் சேர்ந்து சிரித்தாய். நானும் அங்கே உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். என் மகள் கல்யாண ரவிக்கையில் கை இறுக்கம் என்று உன்னோடு சண்டைகூடப் போட்டேன். எனக்கு எவ்வளவு திமிர் பார்.

பொட்டலம் பிரித்த மறுநாள் பஸ் ஏறி உன் கடைக்குப் போனேன். உன் மகன் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தான். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவன் முகத்தில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை.

"அப்பா சொல்லியிருக்காருங்க. 'அவன் ஒரு நாள் அவனாவே வந்து சொல்லுவான், அன்னிக்கு இந்தத் துண்டக் குடுத்துடு'ன்னாரு. பதினாறு வரைக்கும் பாத்தேன், நீங்க சொல்லல. உங்க மொகத்தப் பாத்தா மனசு கேக்கல, குடுத்துட்டேன்."

உன் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன் மாப்ளே. நீ இருந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சிரித்துவிட்டு டீ சொல்லியிருப்பாய். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வரவில்லை.

இப்போது அந்தத் துண்டு என் தோளில்தான் கிடக்கிறது. இந்தப் பழந்துணி எதற்கு என்று வீட்டில் திட்டுகிறார்கள். யார் கேட்டாலும், "அம்பைத் திருப்பினவன் நான்" என்றுதான் ஆரம்பிக்கிறேன். நேற்று பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார். சொல்ல ஆரம்பித்தவன் இறங்க வேண்டிய செந்துறை வந்ததையும் கவனிக்கவில்லை. அவர் விசில் ஊதாமல், நான் சொல்லி முடிக்கும்வரை பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தார்.