வத்தாளை யாருடைய சொல்

ஜூலை 14, சனி.

இன்று கண்டி நூலகமொன்றில், கரீபியன் தீவிலிருந்து வந்த ஒரு பெண் தன் முன்னோரான தைனோ மக்களின் கலைகளைப் பற்றிப் பேசினார். கல்லில் செதுக்கிய தெய்வங்கள், தலைவர்கள் உட்கார மிருக உருவில் குடைந்த மரக் கதிரைகள் என்று படம் படமாகக் காட்டினார். கடைசியில் ஒரு கிழங்கு வந்தது. “பத்தாத்தா. எங்கள் சொல்” என்றார். போர்த்துக்கேயரோடு கப்பலேறி வந்து, இங்கே அது வத்தாளை ஆனதாம்.

எனக்கு அக்காவின் நினைவு வந்துவிட்டது. ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவித்த வத்தாளையை ஒரே தட்டில் தின்றவர்கள் நாங்கள். கல்யாணமாகி, அத்தானோடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவள் கூடலூரிலிருந்து எழுதினாள்: “கடையில வத்தாளைன்னு கேட்டேன், சிரிச்சிட்டாங்க. இங்க அது சக்கரவள்ளியாம்.” அதன்பின் எந்தக் கடிதத்திலும் அந்தச் சொல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் போன் எடுத்துச் சொன்னேன். “அந்த சனமே அழிஞ்சு போச்சுன்னு எழுதி வச்சாங்களாம் அக்கா. அவங்க சொல்லு நம்ம வாயில இருந்திருக்கு.”

“நான் வெக்கப்பட்டு விட்டுட்டேனே, தம்பி” என்றாள். பிறகு பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, “வத்தாளைன்னு சொல்லுங்க” என்றாள். சொல்லிவிட்டு ஒரு பிள்ளை, “இது என்ன பாஷை அம்மாயி?” என்று கேட்டது.

“எங்க பாஷைதான்” என்றாள் அக்கா.