இருமாத குட்டி

ஜூன் 4
மகளின் நச்சரிப்புக்கு ஒருவழியாகத் தலையாட்டிவிட்டேன். ஞாயிறன்று நாய்க்குட்டி பார்க்கப் போகிறோம். 'இருமாதக் குட்டிகள், நல்ல ஆரோக்கியம்' என்று விளம்பரம். என் வீட்டுக்காரர் இப்போதே பெயர் யோசிக்கிறார்.

ஜூன் 7
போனோம். நாலு குட்டிகள், நாலும் பொம்மை மாதிரி அசையாமல். காலை பதினொரு மணிக்கு எந்தக் குட்டி இப்படிக் கிடக்கும்? "சாதுவான ஜாதிம்மா," என்றார் வளர்ப்பவர். தாயைக் காட்டச் சொன்னேன். "அது புது ஆளப் பாத்தா மிரளும்."

மகள் ஒன்றைத் தூக்கி என்னிடம் கொடுத்தாள். வாயில் ஸ்ட்ராபெரி வாசனை. பதினாறு வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன் — குழந்தைகளின் இருமல் சிரப் வாசனை எனக்குத் தெரியாதா? நாங்கள் வருகிறோம் என்று ஊற்றிப் படுக்கவைத்திருக்கிறார்கள்!

கேட்டேன். "மிட்டாய் எதையாவது நக்கியிருக்கும்," என்றார், முகம் மாறாமல். மிட்டாயாம்! இருமாத குட்டிதான். இருமவிட்டால்தானே.

ஜூன் 8
வாங்கும் முன் கால்நடை டாக்டரிடம் காட்டவேண்டும் என்று போனில் சொன்னேன். அதற்கு அந்த ஆள் — "நம்பிக்கை இல்லாதவங்களுக்கு நான் குட்டி குடுக்கறதில்ல."

நான் என்ன சொத்தையா எழுதித் தரச் சொன்னேன்?

இவர் வேறு, "விடேன், எல்லாக் குட்டியும்தான் இருமும்." மகள் ஒரு தும்மல் போட்டால் தெர்மாமீட்டரோடு வீடெல்லாம் ஓடுகிற மனுஷன்!

ஜூன் 9
மகள் என்னோடு பேசவில்லை.

ஜூன் 12
வாங்க வேறு ஆள் கிடைக்கவில்லை போலும்; வளர்ப்பவரே கூப்பிட்டு, கிளினிக்குக்கு அதே குட்டியைக் கொண்டுவந்தார். டாக்டரம்மா நெடுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். "ரெண்டு நுரையீரல்லயும் சளி. இது இங்கயே இருக்கட்டும். மத்ததையும் உடனே கொண்டுவாங்க."

வளர்ப்பவர் என் பக்கம் திரும்பினார். "வேற ஒண்ணு மாத்திக் குடுத்துடறேன்."

அளவு சரியில்லை என்று மாற்றிக்கொள்ள, செருப்பா இது? கத்திவிட்டேன். "இருமல மறைக்கத் தெரியுது, வைத்தியம் பாக்கத் தெரியலயா?" காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். திரும்பட்டும்.

வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 15
அது போய்விட்டது. மற்ற மூன்றும் பிழைக்குமாம்.

இவர் அதில் ஒன்றை எடுக்கலாமா என்றார். மகள்தான், "அந்த ஆள்கிட்ட வேணாம்பா," என்றாள்.

ஜூலை 3
வீட்டிலேயே தையல் தைக்கும் ஒரு அம்மாவிடம் குட்டிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டேன். கேட்கவேண்டியதை எல்லாம் தாளில் எழுதி, சண்டைக்குத் தயாராகத்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர், "மொதல்லயே சொல்லிடறேங்க. மிச்சம் இருக்கறது ஒண்ணுதான், அதுக்கு எடது கண்ணு தெரியாது. டாக்டர் சீட்டு இருக்கு. தாயும் இங்கயேதான் இருக்கு. வந்து பாத்துட்டு, வேணாம்னாலும் தப்பில்ல."

தாளை மடித்துவைத்துவிட்டேன். முகவரி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 5
குட்டி வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சாப்பாட்டு மேசையின் காலில் மூன்று தடவை இடித்துக்கொண்டது. மேசையை ஓரமாகப் போடச் சொல்கிறாள் மகள். இவர் நகர்த்திக்கொண்டிருக்கிறார்.