இரண்டாவது பிரேக்

மார்ச் 3, செவ்வாய்

அறுபத்தோரு வயதில் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தேன், எத்தனை மணிக்குப் போனேன், எப்போது கசிந்தது என்று மூன்று நாளைக்கு எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். கட்டம் போட்ட தாளும் கொடுத்தாள். பிசியோதெரபிஸ்ட். இருபத்தெட்டு வயது இருந்தால் அதிகம். என்னிடம் கார் ஓட்டக் கற்க வந்திருந்தால் முதல் நாளே அழவைத்து அனுப்பியிருப்பேன்.

புரோஸ்டேட் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். டியூபை எடுத்த நாளிலிருந்து ஒழுகல். இருமினால், எழுந்தால், சிரித்தால். நல்லவேளை, சிரிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. சர்ஜன் "இடுப்புத் தளத் தசைக்குப் பயிற்சி செஞ்சா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். நிஜமாகவே, குழாயைத் திறந்து.

பிசியோ என்றால் கை காலைப் பிடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இவள் படுத்து முழங்காலை மடக்கச் சொன்னாள். "ஒண்ணுக்குப் போறத பாதியில நிறுத்தற மாதிரி நினைச்சுக்கோங்க சார். உள்ள இழுங்க. அஞ்சு எண்ணுங்க. விடுங்க." இதற்கு ஒரு படிப்பு, ஒரு பட்டம், சுவரில் சட்டம் போட்ட சர்டிபிகேட். பத்துத் தடவை, மூன்று வேளை. வைத்தியம் முடிந்தது.

சரியாகச் செய்கிறேனா என்று ஸ்கேன் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். தேவையில்லை என்றேன். முப்பத்தோரு வருஷம் ஊருக்கே கற்றுக்கொடுத்தவனுக்கு ஒரு தசையைச் சுருக்கத் தெரியாதா?

மார்ச் 5, வியாழன்

கட்டங்களை நிரப்பியாயிற்று. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மூன்று நாளையும் ஒரே மூச்சில். தண்ணீர் தினம் எட்டுத் தம்ளர். கசிவு ஒரு தடவை, லேசாக.

உண்மை இந்த நோட்டோடு இருக்கட்டும். தண்ணீர் இரண்டு தம்ளர். கசிவுக்கு வைக்கும் பேட் ஐந்து. தண்ணீரையே குறைத்துவிட்டால் கசிய என்ன மிச்சம் இருக்கும்? இந்தச் சின்ன விஷயம் அவள் படித்த புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது.

எங்கள் டிரைவிங் பள்ளியில் கற்கிறவர்கள் வீட்டில் பழகிய மணிக்கணக்கை ஒரு புத்தகத்தில் எழுதி வர வேண்டும். எல்லா வரியும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் முந்தின நாள் உட்கார்ந்து எழுதிய பொய். அப்படிப்பட்ட புத்தகங்களைப் பின்சீட்டில் தூக்கி எறிந்திருக்கிறேன். அதனால் நான் இரண்டு பேனா பயன்படுத்தினேன்.

மார்ச் 6, வெள்ளி

பயிற்சி: முப்பதுக்குப் பதில் முந்நூறு. பத்துப் பத்தாகச் செய்வதெல்லாம் சோம்பேறிகளுக்கு.

மார்ச் 10, செவ்வாய்

முதலாளி பழக்கூடையோடு வந்தார். ஹெர்னியா ஆபரேஷன் என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மே நாலாம் தேதி புது பேட்ச் தொடங்குகிறதாம். அன்று காலை ஒன்பது மணி வகுப்புக்கு நான் போய் உட்கார்ந்தால் சீட் எனக்கு. இல்லையென்றால் இப்போது என் இடத்தில் இருப்பவளுக்கே நிரந்தரம்.

அவள் யார்? என் பழைய மாணவி. டெஸ்ட்டில் வரிசையாக மூன்று தடவை தோற்றவள். அதனால் அவளுக்கு நான் வைத்த பெயரே 'மூணு தடவை'. வேறு யாரிடமோ போய் நாலாவதில் தேறினாள். இன்றைக்கு என் காரில், என் சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். காலம் கெட்டுக் கிடக்கிறது.

எங்கள் காரில், கற்றுக்கொடுப்பவனின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவன் தூங்கினாலும் நான் தூங்க மாட்டேன். முப்பத்தோரு வருஷமாக அந்த இரண்டாவது பிரேக்கை விட்டு என் கால் நகர்ந்ததில்லை. என் வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

ஆனால் இப்போது? எவனோ ஒரு கத்துக்குட்டி சடக்கென்று நிறுத்துவான், எனக்கு நனையும், அந்த சீட்டை விட்டு நான் எழுந்திருக்க வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சொந்தக் கார் வாசலில் நிற்கிறது, நான் தொடுவதில்லை. காரணம் சீட். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குலுங்கி நின்றது. ஒவ்வொரு குலுங்கலும் எனக்குத்தான் தெரியும். இல்லை, பக்கத்தில் நின்ற என் மனைவிக்கும் தெரிந்திருக்கிறது. பையைத் திருப்பி எனக்கு முன்னால் மறைவாகப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அதுதான் ஆத்திரம்.

அந்தப் பெண் என் தாளைப் படித்தாள். பேனாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"எட்டுத் தம்ளர் குடிக்கறவங்க உதடு இப்படி வெடிச்சிருக்காது சார்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி போட்டு உடைத்துவிட்டாள். இரண்டு தம்ளர் கூட இல்லையாம், டீ மட்டும் நாலு தடவையாம். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் காட்டமாகி மூத்திரப்பை இன்னும் எரிச்சல்படும், அடிக்கடி முட்டும் என்று பாடம் எடுத்தாள் சின்னவள். பெரியவள் தலையாட்டினாள். இருபத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள், நேற்று பார்த்தவளோடு கூட்டுச் சேர்ந்துவிட்டாள்.

வீடு வரும்வரை நான் பேசவில்லை. அவளுக்கும் அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

பேட் ஏழு. தண்ணீர் ஆறு தம்ளர் குடித்துப் பார்த்ததற்குக் கிடைத்த பரிசு. பயிற்சியோ ஒரு நாள் விடவில்லை, முந்நூறு, சில நாள் முந்நூற்று ஐம்பது. முதுகு வலிக்கிறது. இறுக்கும்போது காது அடைத்துக்கொள்கிறது. குறையாமல் கூடுகிறதே, எந்த ஊர் வைத்தியம் இது? ஏமாற்று வேலை. காசைப் பிடுங்கிக்கொண்டு மூச்சை எண்ணச் சொல்கிற கூட்டம்.

என் மனைவி செவ்வாயும் வியாழனும் காலையில் எங்கோ போகிறாள். கேட்டால் "சும்மா, கொஞ்சம் வேலை". வாசலில் தட்டையான அடி வைத்த புது ஷூ ஒன்று கிடக்கிறது. இத்தனை வருஷம் செருப்பைத் தவிர வேறு போடாதவள். இந்த வயதில் நடைப்பயிற்சிச் சங்கத்தில் சேர்ந்திருப்பாள். நடக்கட்டும். யாராவது ஒருத்தர் நன்றாக இருந்தால் சரி.

மார்ச் 31, செவ்வாய்

இன்று ஸ்கேனுக்கு ஒப்புக்கொண்டேன். அவள் செய்வது மோசடி என்று நிரூபிக்கத்தான்.

அடிவயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தாள். திரையில் கறுப்பாக ஒரு பை தெரிந்தது, என் மூத்திரப்பை. "இப்ப இறுக்குங்க சார்." இறுக்கினேன், வழக்கம்போல முழு பலத்தோடு. அந்தப் பையின் அடிப்பாகம் மேலே ஏற வேண்டுமாம். கீழே இறங்கியது. மறுபடி. மறுபடியும் கீழே. பாமரனுக்கும் தெரியும்படி கீழே.

நாலு வாரமாக நான் உள்ளே இழுக்கவில்லை. வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை.

"எல்லாத்தையும் சேத்து இறுக்கறீங்க சார். தொடை, பின்பக்கம், வயிறு, பல்லு கூட. மூச்சையும் பிடிச்சுக்கறீங்க. அத்தனையும் மேலேருந்து அமுக்குது. அடியில இருக்கற தசை பாவம், என்ன பண்ணும்?"

முதல் நாள் வருகிற கற்றுக்குட்டிகள் பயந்தால் இரண்டு காலாலும் கிடைத்ததையெல்லாம் மிதிப்பார்கள், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், மூச்சு விட மாட்டார்கள். அவர்களை நான் எருமை என்றுதான் கூப்பிடுவேன். நூற்றுக்கணக்கான பேரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

வயிற்றில் ஜெல்லோடு படுத்துக்கிடந்தேன். அவமானமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அது மட்டும் குடிக்காமலே வருகிறது. அந்தப் பெண் பார்க்காத மாதிரி திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "உங்களுக்குப் பிடிக்கறது பிரச்சினை இல்ல சார். விடறதுதான் வரல" என்றாள்.

ஒவ்வொரு தடவையும் முழுசாக விட்டு, பத்து எண்ணிய பிறகுதான் அடுத்தது. மூச்சை வெளியே விட்டபடி இழுக்க வேண்டும். பாதி பலம் போதும். கால் பலம்கூடப் போதும். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் திரையில் ஒரு சின்ன அசைவு, மேல் நோக்கி, ஒரு நூலளவு.

"அதான் சார். அதேதான்."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றுமே செய்யாத மாதிரி இருந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

பத்து. வெறும் பத்து. மூன்று வேளை. மீதி நேரமெல்லாம் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

ஷூவின் ரகசியம் தெரிந்துவிட்டது. மனைவியின் கைப்பையிலிருந்து ஒரு புத்தகம் விழுந்தது. எங்கள் பள்ளியின் பயிற்சிப் புத்தகம். அவள் பெயர். பதினொரு மணி நேரம் முடிந்திருக்கிறது. கற்றுக்கொடுப்பவர் கையெழுத்து — அந்த 'மூணு தடவை'யுடையது.

என் வீட்டில. என் கண்ணு முன்னால. தட்டையான ஷூ போட்டுக்கிட்டு வான்னு முப்பத்தோரு வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னவன் நான், வாசல்ல அதே ஷூ கிடக்குது, எனக்குப் புரியலையே. நான் என்ன மடையனா?

அவளிடமே போயா கற்றுக்கொள்ள வேண்டும் என்று கத்தினேன். கத்தியதில் நனைந்தது. அவள் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள்.

"கல்யாணமான புதுசுல உங்ககிட்டதான் கேட்டேன். சைக்கிளே வராது உனக்குன்னீங்க. அப்புறம் நான் கேக்கல. இப்ப அந்த பஸ்ல நீங்க ஒவ்வொரு ஸ்டாப்லயும் மூஞ்சிய ஒரு மாதிரி வச்சிட்டு நிக்கறீங்க பாருங்க, அத என்னால பாக்க முடியல. அதான் சேந்தேன்."

அப்படிச் சொன்னேனா? சொல்லியிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியாதா.

ஏப்ரல் 10, வெள்ளி

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். நேற்று போகிறபோக்கில் இவள் இன்னொன்றும் சொன்னாள். என்னைப் பற்றி அந்த 'மூணு தடவை' என்ன சொன்னாள் என்று நான்தான் கேட்டேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது இருக்கும் என்று.

"மாஸ்டர் மேல எனக்குக் கோவம் இல்ல. அவர் கார்ல நான் ஒரு தடவகூட பிரேக் போட்டதில்ல, அவ்வளவுதான்" என்றாளாம்.

திமிர் என்று முதலில் எழுதினேன், மேலே அடித்திருக்கிறேன். டெஸ்ட் அன்று இரண்டாவது பிரேக்கில் கால் வைக்கக் கூடாது, அது விதி. மூன்று தடவையும் அவள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மரமண்டை என்று நினைத்தேன். அதற்கு முன் எத்தனை வகுப்பு, எத்தனை சிக்னல்! ஒவ்வொன்றிலும் அவள் கால் போவதற்குள் என் கால் போயிருக்கிறது. அவள் எங்கே கற்றுக்கொள்வாள்?

என் வண்டியில் கீறல் இல்லை என்று பீற்றிக்கொண்டேனே. வண்டியை ஓட்டியதே நான்தான்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பேட் இரண்டு. இருமல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் இழுத்துக்கொள்ளும் வித்தையைக் கற்றுக்கொடுத்திருக்கிறாள் பிசியோ பெண். பத்தில் ஏழு தடவை பலிக்கிறது.

"நல்லா பண்றீங்க சார்" என்று சின்னக் குழந்தையிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். பிடித்திருந்தது. இந்த வரியை அடித்துவிட வேண்டும்.

மே 3, ஞாயிறு

நாளை. பையில் பேட் மூன்று, மாற்றுப் பேண்ட் ஒன்று. பயமாக இருக்கிறது.

மே 4, திங்கள்

எட்டே முக்காலுக்குப் போய்விட்டேன். முதலாளி, "ஹெர்னியா தேவலையா மாஸ்டர்?" என்றார். தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். "ஹெர்னியா இல்ல. புரோஸ்டேட். இப்பவும் அப்பப்ப கொஞ்சம் கசியும். நடுவுல நிறுத்தச் சொன்னா நிறுத்தணும்" என்றேன். அவர் தன் அண்ணனுக்கும் அதே ஆபரேஷன் ஆனது, ஒன்றரை வருஷமாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்றார். எந்த டாக்டர், எந்த பிசியோ என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

ஒன்பது மணி வகுப்புக்கு யார் என்று பதிவேட்டைப் பார்த்தேன். என் மனைவி. புது பேட்சுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள், காலையில் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அழுத்தக்காரி. 'மூணு தடவை' சாவியைக் கையில் கொடுத்தாள். "கிளட்ச் நல்லா வருது மாஸ்டர். ரிவர்ஸ் மட்டும் பாக்கணும்" என்றாள். அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லித்தான் நன்றி சொன்னேன். அவள் கொஞ்சம் திடுக்கிட்டாள்.

மேம்பாலம் இறங்கியதும் சிவப்பு விளக்கு, முன்னால் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. என் மனைவி வேகத்தைக் குறைக்கவில்லை. என் கால் எழுந்துவிட்டது. பல் கடித்துக்கொண்டது, மூச்சு நின்றது. மூன்றும் நடப்பது எனக்கே தெரிந்தது. இடைவெளி இன்னும் இருந்தது, கண்ணால் அளந்தேன். மூச்சை விட்டேன். காலைத் தரையில் வைத்தேன்.

தாமதமாகத்தான் பிரேக் போட்டாள். ஆனால் அவள்தான் போட்டாள். லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். அவள் என் காலைத்தான் முதலில் பார்த்தாள், அப்புறம்தான் விளக்கை. பச்சை விழுந்தது. போகலாம் என்றேன்.

தண்ணீர்: ஏழு தம்ளர்.
பேட்: ஒன்று.
கசிவு: 9.40, லாரிக்குப் பின்னால், ஒரு நாணயம் அளவு.
இரண்டாவது பிரேக்: தொடவில்லை.

ரிவர்ஸ் கண்றாவி. அவளிடம் சொல்லவில்லை.