இரண்டாவது கியரில் ஒரு பாட்டு

அப்பா,

நேற்று சித்தப்பா உங்கள் ஜீப்பின் மேல் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்தார். மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த வண்டி. டீசலும் ஈரச் சாக்கும் பச்சை ஏலக்காயும் கலந்த வாசனை உள்ளேயிருந்து ஒரேயடியாக வந்தது. வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் சோப்புக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலங்களில் நீங்கள் வீட்டுக்குள் வருமுன் உங்கள் சட்டையிலிருந்து வருகிற வாசனை அது.

"வண்டியில திரும்ப ஆள் ஏத்தலாம்னு இருக்கேன் மதினி," என்று அம்மாவிடம் சொன்னார் சித்தப்பா.

அம்மா தார்ப்பாயை மடித்துக்கொண்டே, "எவ ஏறுவா?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னால் வந்தது. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் தலையைக் குனிந்து, ஏற்கெனவே விளக்கிய குண்டானை இன்னொரு முறை விளக்கினேன்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டபோதும் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். எனக்குக் குரல் வரவில்லை. வந்தபோது எலிக்குஞ்சுபோல் கீச்சென்று வந்தது. வகுப்பு சிரித்தது. சிரித்ததோடு விடவில்லை. நான் உள்ளே நுழையும்போதெல்லாம் யாராவது ஒருத்தி கீச்சென்பாள். காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்தேன். பிறகு காய்ச்சல் என்று சொல்வதையும் விட்டேன். அம்மா அழுதாள். நீங்கள் ஒருநாள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "சும்மா வீட்டுலயே உக்காந்திருந்தா இன்னும் சுருங்கிப் போவ ஆத்தா. அம்மாகூட வண்டியில ஏறு. காய் எடுக்கப் பழகு," என்றீர்கள். அன்றிலிருந்து நானும் எங்கள் சிலமலை ஊர்ப் பெண்களோடு உங்கள் ஜீப்பில் மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போனேன். பின் மூலையில், படுதாவை ஒட்டி என் இடம்.

உங்களுக்கு டப்ஸ்டெப் என்கிற இசை என்னவென்று நான் சொன்னதே இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. யாரோ காரைக் கழுவும் வீடியோ ஒன்றின் பின்னால் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். வீடியோவுக்குக் கீழே யாரோ அதன் பெயரை எழுதியிருந்தார்கள். பாட்டுக்காரர் யாரும் இல்லை, ஒரு வார்த்தைகூட இல்லை. அடியில் ஒரு கனத்த சத்தம் மட்டும் மூச்சு வாங்குவதுபோல் அசைந்துகொண்டிருந்தது. என் குரல் ஒருநாளும் போக முடியாத ஆழத்தில் அது இருந்தது. அதனால்தான் பிடித்தது என்று இப்போது நினைக்கிறேன். வாயைத் திறக்காமல் அவ்வளவு பெரிதாகப் பேச முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

போனில் பாட்டுக் கட்டுகிற ஒரு ஆப் இறக்கினேன். அதில் எல்லாம் ஆங்கிலம். சொல்லித்தருகிற வீடியோக்களும் ஆங்கிலம். பேச்சை விட்டுவிட்டு அவர்கள் விரல் எந்தப் பொத்தானுக்குப் போகிறது என்று பார்த்துப் பார்த்து நானும் அழுத்தினேன். முதலில் நான் கட்டியதெல்லாம் திருவிழாக் குத்துப் பாட்டாகவே வந்தது. அடியை நெருக்கி நெருக்கி வைத்துவிட்டேன். டப்ஸ்டெப்பில் வேகம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் பெரிய அடி தாமதித்து, இடம் விட்டு விழ வேண்டும். அது புரியவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. அடியில் ஓடும் கனத்த சத்தத்தை, அந்த அடிச்சத்தத்தை, அசைக்கக் கற்றது அதற்கும் பிறகு. ஒரே கனத்த சத்தத்தை வைத்துக்கொண்டு கதவைத் திறந்து மூடுவதுபோல் அதைத் திறந்து மூட வேண்டும். மெதுவாகச் செய்தால் உறுமல், வேகமாகச் செய்தால் நடுக்கம்.

அந்த உறுமலுக்கு நான் வேறெங்கும் போகவில்லை. நீங்கள் வளைவில் வண்டியை இரண்டாவது கியரில் போட்டு ஏற்றும்போது போனைத் துண்டில் சுற்றி என் காலடியில் வைத்துப் பதிந்துகொண்டேன். அதை வெட்டி, இன்னும் கீழே இறக்கி, திறந்து மூடி, என் பாட்டுக்குள் வைத்தேன். அந்தப் போனில் அடிச்சத்தம் சரியாகவே கேட்காது. கேட்கவில்லை என்று கூட்டினேன். அப்போதும் கேட்கவில்லை, இன்னும் கூட்டினேன். குறை பாட்டில் இல்லை, போனில்தான் என்று சொல்ல யாருமில்லை.

ஒருமுறை கேட்டீர்கள். "என்ன ஆத்தா எப்பப் பாத்தாலும் காதுல? பாட்டா?"

"ம்."

"எனக்குப் போட்டுக் காட்டு."

"இன்னும் நல்லா வரல."

"சரி. வந்ததும் சொல்லு." அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

உங்களுக்குப் பெருமை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆட்களை நடுவழியில் இறக்கிவிட்ட வண்டி என்று உங்கள் ஜீப் பெயர் வாங்கியதில்லை. மற்ற டிரைவர்களிடம் அதைச் சொல்லாமல் உங்களுக்கு டீ இறங்காது. "சத்தம் மாறுனா காலு தானா பிரேக்குக்குப் போயிரணும்டா," என்பீர்கள்.

அன்றைக்கும் உங்கள் கால் அப்படித்தான் போனது. போடிமெட்டுக்குக் கீழே, மூடுபனி, தூறல். பேச்சியக்கா வழக்கம்போல் நடு சீட்டில், காலுக்கிடையில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு யாரையோ வைதுகொண்டிருந்தார். சிலமலையில் யார் எந்த ஜீப்பில் ஏறுவது என்பது அவர் வாயில்தான் இருக்கிறது. நான் மூலையில் இயர்போனை மாட்டி, முடித்து வைத்திருந்த பாட்டைப் போட்டேன். காதில் ஒன்றும் கேட்கவில்லை. ஒயர் அறுந்துவிட்டதோ என்று சத்தத்தைக் கடைசிவரை கூட்டினேன்.

முன்னொரு நாள் உங்கள் பென்டிரைவ் வேலை செய்யாதபோது என் போனைத்தான் புளூடூத்தில் வண்டி பிளேயரோடு சேர்த்து உங்கள் பழைய பாட்டுகளைப் போட்டோம். நான் அதை மறந்துவிட்டேன். போன் மறக்கவில்லை, தானாகவே பிளேயரோடு சேர்ந்துகொண்டது.

பேச்சியக்காவின் சீட்டுக்கு அடியில்தான் அடிச்சத்தம் வரும் ஊஃபர் பெட்டி. முதல் உறுமலில் அவர் எழுந்து கம்பியில் தலையை முட்டிக்கொண்டார். படுதாக் கம்பிகள் கடகடவென்று ஆடின. தகரமெல்லாம் அதிர்ந்தது. எனக்கும் வண்டிதான் உடைகிறது என்று தோன்றியது. உங்கள் கால் பிரேக்குக்குப் போய்விட்டது.

"எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க. கிரவுன் போச்சு," என்றீர்கள். பின் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கரத்துக்கு நீங்கள் சொல்லும் பெயர் அது.

"ஏ, வெரசா எறங்குங்கடி, வண்டி பின்னால உருண்டுரும்."

"என் தூக்குவாளிய மிதிக்காதடி."

"மலைதான் சரிஞ்சு வருதோன்னு நெனச்சேன் ஆத்தா, குலையே நடுங்கிப்போச்சு."

எல்லோரும் விழுந்தடித்து வளைவுக்கு மேலே ஓடினார்கள். நீங்கள் சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினீர்கள். பிளேயருக்கு நீங்கள் நேரே பேட்டரியிலிருந்து கரண்டு கொடுத்திருந்தீர்கள். இன்ஜின் நின்றது. உறுமல் நிற்கவில்லை.

நீங்கள் திரும்பினீர்கள். நான் இன்னும் மூலையில் இருந்தேன், போன் கையில். அணைக்க விரல் வரவில்லை. நீங்களே கையை நீட்டி பிளேயரின் ஒயரைப் பிடுங்கினீர்கள். அந்த நேரம் ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியதால் மேலே நின்றவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

"என்னய்யா சத்தம் அது?" என்று பேச்சியக்கா அங்கிருந்தே கத்தினார்.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் இப்போதும் கூசுகிறது. பிறகு ஈரத்தில் படுத்து வண்டிக்கு அடியில் போனீர்கள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தே போனீர்கள். வெளியே வந்தபோது முழங்கைவரை கிரீஸ்.

"கிரவுன்ல பல்லு போயிருக்கும்போலக்கா. மேல ஏத்த முடியாது. பின்னால வர்ற வண்டியில ஏறிக்கோங்க."

பிளேயர் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஏதோ ஒரு பாட்டு என்று சொல்லியிருக்கலாம். உங்கள் வாயில் அதுதான் வந்தது.

எல்லோரும், அம்மாவும், பின்னால் வந்த ஜீப்பில் ஏறிப் போனார்கள். நீங்களும் நானும் வண்டியைத் திருப்பி ஊருக்குக் கீழே இறங்கினோம். மலையடிவாரத்தில் முந்தலைத் தாண்டினோம். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். "அது நம்ம வண்டிச் சத்தம்தான?"

"ம்."

"ரெண்டாவது கியரு."

"ம்."

"நானே ஏமாந்துட்டனே." சிரித்தீர்கள். பிறகு, "யார்ட்டயும் சொல்லாத. பள்ளிக்கூடத்துல சிரிச்சது போதும். இவளுகளும் சிரிச்சா நீ வீட்டை விட்டே வெளிய வர மாட்ட," என்றீர்கள்.

நான் சொல்லவில்லை. கிரவுன் மாற்றிவிட்டதாக நீங்கள் சொன்னீர்கள். பேச்சியக்கா நம்பவில்லை. "ஒரு தரம் போன வண்டிய நம்பி வளைவுல ஏற முடியுமாய்யா?" என்று எங்கள் கூட்டத்தையே அடுத்த ஜீப்புக்கு மாற்றிவிட்டார். உங்கள் வண்டி உரமூட்டை ஏற்றியது. நான் அந்த அடுத்த ஜீப்பில், அதே பின் மூலையில் உட்கார்ந்து போனேன். வழியில் லோடோடு ஏறும் உங்களைத் தாண்டிப் போகும்போது யாராவது ஒருத்தி, "பாத்துய்யா, பல்லு பத்திரம்," என்று கத்துவாள். வண்டி முழுக்கச் சிரிக்கும். நீங்களும் கையைத் தூக்கிச் சிரிப்பீர்கள். எனக்கு வரவேண்டிய சிரிப்பு அது. சாயங்காலம் சாப்பிடும்போது, "அவன் நல்லா ஓட்டுறானா? வளைவுல கியர மாத்துறானா?" என்று கேட்பீர்கள். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டுவேன்.

பிறகு ஒரு காலையில் பல் துலக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. கேதத்துக்கு வந்த டிரைவர்கள் உங்களைப் பற்றி நல்லதாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒருவர், "அந்தக் கிரவுன் போனதுல இருந்துதான் மனுசன் ஒடைஞ்சு போயிட்டாரு," என்றார். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலையில் சித்தப்பா வண்டியை, பெண்கள் ஜீப் ஏறக் கூடும் டீக்கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நானும் அம்மாவும் பின்னால் நடந்து போனோம். பேச்சியக்கா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வேணாம் தம்பி. கோவிச்சுக்காத. இது பாதியில நிக்கிற வண்டி."

சித்தப்பா தலையைத் தொங்கப் போட்டார். வண்டியில் உங்கள் பெயர் இன்னும் எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் நின்றுகொண்டு பேச்சியக்கா அதைச் சொன்னார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல," என்றேன்.

கீச்சென்றுதான் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். பேச்சியக்காவுக்கு நான் பேசியதே ஆச்சரியம். "என்னடி?"

"அன்னைக்கு வந்தது வண்டிச் சத்தம் இல்ல. என் பாட்டு."

"அப்பன் பேரைக் காப்பாத்தப் பாக்குது, பாவம்," என்றாள் ஒருத்தி.

அவர்கள் நம்ப வேண்டுமானால் ஒரு வழிதான் இருந்தது. சித்தப்பாவிடம் சாவியை வாங்கிப் பேச்சியக்கா கையில் கொடுத்தேன். பிளேயரின் ஒயரைச் செருகிப் போனைச் சேர்த்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். பிறகு உறுமியது. டீக்கடைத் தகரம் அதிர்ந்தது. பெஞ்சுக்கடியில் கிடந்த நாய் எழுந்து ஓடியது. பேச்சியக்கா கையிலிருந்த சாவியையும் உறுமுகிற வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

பாட்டு முடிந்தது.

"இந்தக் கண்றாவிக்கா அந்த மனுசன் எங்களை மழையில எறக்கி ஓடவிட்டாரு?" என்றார் பேச்சியக்கா.

சிரித்தார்கள், அப்பா. நான் எவ்வளவுக்குப் பயந்தேனோ அவ்வளவுக்கும் சிரித்தார்கள், கொஞ்சமும் குறையவில்லை. ஒருத்தி என் உறுமலை வாயால் செய்து காட்டினாள். டீ ஆற்றுகிறவர்கூடச் சிரித்தார். காது கொதித்தது. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் நான் நின்றுகொண்டிருந்தேன். சிரிப்பு முடிந்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். இவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தால் அன்றே அந்த வளைவிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள் ஈரத்தில் படுத்திருக்க வேண்டியதில்லை.

பேச்சியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். "அவரு ஏண்டி கிரவுன்னு சொன்னாரு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே புரிந்தது; தூக்குவாளியை உங்கள் வண்டிக்குள் வைத்து ஏறினார். மற்றவர்களும் ஏறினார்கள்.

எனக்கு வெட்கம் போய்விடவில்லை. மேலே போகும் வழியெல்லாம் கேலி செய்தார்கள், நான் படுதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கும் செய்வார்கள். பாட்டும் இன்னும் நன்றாக வரவில்லை, அடிச்சத்தத்தை நிறையக் குறைக்க வேண்டும் என்று இன்று பெரிய பெட்டியில் கேட்டபோதுதான் தெரிந்தது. அதையெல்லாம் நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வண்டி ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை என்று சிலமலையில் இப்போது எல்லோருக்கும் தெரியும். அதை உங்களிடம் சொல்ல முடியவில்லை என்பது மட்டும் எனக்குள் இறங்க மாட்டேன் என்கிறது.