கிட்டாரில் பதிந்த கட்டைவிரல்

நம்ம பாப்பாவோட அம்மாவுக்கு,

நான் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

ரிப்பேர் கடையில ஒரு சின்னக் கூத்து. ஒரு பெரியவர் பழைய கிட்டார் கொண்டுவந்தார். மறைவான ஓரத்துல ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வெச்சுப் பார்த்துத்தான் என்ன பூச்சுன்னு சொல்லணும். நான் பெரிய மேதாவியாட்டம், "பார்த்தாலே தெரியுது, லாக்கர் பூச்சு, ஸ்பிரிட்டுக்கு அசையாது"ன்னு சொல்லி, சானிடைசர் காயாத கையால தூக்கினேன். அது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட் பட்டா இளகிடும். சானிடைசர்லயும் ஸ்பிரிட்தானே! என் கட்டைவிரல் ரேகை முகப்புல அச்சா விழுந்துடுச்சு. பெரியவர் திட்டியிருக்கலாம். "விடுங்க தம்பி, வேலை செய்யற கைதானே"ன்னார். கூனிக் குறுகிட்டேன்.

யாராவது நான் என்ன வேலை செய்யறேன்னு கேட்டா, ரிப்பேர்காரர்னு பெருமையா சொல்லாதே, கிட்டார் துடைக்கிறார்னு மட்டும் சொல்லு.

கண்ணை மூடினா அந்த ரேகைதான் தெரியுது. பாப்பா கையில மை தடவி ஒரு தாள்ல பதிச்சு அனுப்பேன். அதைப் பார்த்துட்டாவது தூங்கறேன்.

பஸ் வந்துடுச்சு, மீதி அப்புறம் எழுதறேன்.

உன்னவன்