அப்பாவின் லொறியும் சூடேறிய கொம்பியூட்டரும்

இலுப்பைக்கடவை
14.05.2016

அன்பு மகன் சுகந்தனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். அந்த வெளிநாட்டுக் குளிரிலும் வேலையிலும் நீ நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று திருக்கேதீச்சரத்தானைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் கதைக்கும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அவரைப் பற்றி அவருக்கு முன்னால் எப்படிச் சொல்வது.

நீ விட்டுவிட்டுப் போன கொம்பியூட்டரில் அப்பா விடிந்தால் பொழுதுபட்டால் லொறி ஓட்டுகிற கேம்தான். இருபது வருடம் லொறி ஓட்டின மனிசன், சண்டையில் செல் குண்டு பட்டு இடுப்புக்குக் கீழே வழங்காமல் போனதிலிருந்து அதுதான் அவருக்கு றோட்டு. மீளக்குடியேறி ஆறு வருடமாகியும் அந்தத் தகரம் போட்ட அறையை விட்டு வெளியே வருவதில்லை, சக்கரக் கதிரையில் தன்னை ஊர் பார்க்கக் கூடாதாம். அவரைத் தனியே விட்டு நானும் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்ப் பல காலம். எப்போதும் இரைந்துகொண்டிருந்த கொம்பியூட்டர்ப் பெட்டி சித்திரை வெயில் தொடங்கியதும் கத்தத் தொடங்கியது. நெல்லு மில் மாதிரி இரைச்சல், பிறகு திரை கறுத்துப்போகும். நீ சொன்னபடி பக்க மூடியைக் கழற்றி மேசை விசிறியைப் பிடித்தேன், அது அனலைத்தான் அள்ளிப் போட்டது. ஒருநாள் முற்றாக நின்றுவிட்டது. மகன், உன்னிடம் ஒளிக்கமாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனியாவது என்னோடு நாலு வார்த்தை கதைப்பார் என்று நினைத்தேன். அவரோ மூன்று நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், சோறும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம்.

நாலாம் நாள் நானே பஸ் ஏறி மன்னாருக்குப் போய், கொம்பியூட்டர் திருத்துகிற றம்ஸீனைக் கூட்டிவந்தேன். கிராபிக்ஸ் கார்ட்டைக் கழற்றினால் அதன் விசிறியில் தூசியும் கடற்காற்று உப்பும் களிபோல அப்பியிருந்தது, சூடு தணிக்க உள்ளே பூசிய பசை காய்ந்து மாவாகிவிட்டது. றம்ஸீன் துடைத்துப் புதுப்பசை பூசிவிட்டு, இந்தத் தகரத்துக்குக் கீழ வைச்சா பிறகும் நிக்கும் அம்மா, ஓடு போட்ட விறாந்தையில வையுங்கோ, ஐயாவும் அங்க இருந்து ஓட்டட்டும் என்றார். என்னைக் காட்சிக்கு வைக்கப் போறியளோ, நான் வரமாட்டன் என்று அப்பா சொல்லிவிட்டார். கடைசியில் றம்ஸீன் சுவரில் ஓட்டை போட்டு நீள வயர் இழுத்து, பெட்டியை விறாந்தையிலும் திரையையும் ஸ்டியரிங்கையும் அறையிலும் வைத்துவிட்டுப் போனார். பெட்டி வெளியே வந்தது, அப்பா வரவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் அந்தப் பெட்டியைப் பார்த்து அழுதுவிட்டேன்.

அறையில் இப்போது இரைச்சல் இல்லை. நேற்று மத்தியானம் சோற்றுக்கோப்பையோடு கதவடிக்குப் போனபோது அப்பா கதைப்பது கேட்டது. பாக்கியம், உன்ர பக்கம் வெயில் அடிக்குது, சீலைத் தலைப்பால முகத்தை மூடு, வவுனியா தாண்டித் தேத்தண்ணி குடிப்பம் என்று திரையில் இருக்கும் வெறும் சீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு காலமும் அந்தச் சத்தத்துக்குள் என்னையும் ஏற்றிக்கொண்டுதான் ஓடியிருக்கிறார். உள்ளே போய் அவர் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். அவர் திரும்பவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். கொஞ்சத் தூரம்தான், இரு என்றார். பொழுதுபடும் வரை இருந்தேன்.

நீ அனுப்புகிறேன் என்ற புதுக் கார்ட் இப்போதைக்கு வேண்டாம். ஞாயிறு போன் எடுக்கும்போது இதைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே. ஹீற்றரைப் போட்டபடி நித்திரை கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நல்லாயிருக்க வேண்டும்.

உன் அம்மா
க. சிவபாக்கியம்